பந்தை எங்கே அடிப்பது?

1975ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆம் நாள். இலண்டனில் உள்ள விம்பிள்டன் மைய ஆடுகளத்தில் ஆண்கள் ஒற்றையர் டென்னிஸ் இறுதியாட்டம் தொடங்கவிருந்தது. ஒரு பக்கம் அமெரிக்காவின் ஜிம்மி கானர்ஸ். முந்தைய ஆண்டு இதே கிண்ணத்தை வென்றவர், உலகின் முதல்நிலை ஆட்டக்காரர், வயது 22. இறுதியாட்டத்திற்கு வரும்வரை அவர் ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. மறுபக்கம் நின்ற ஆர்தர் ஆஷும் அமெரிக்கர்தாம். இன்னும் ஐந்து நாளில் அவருக்கு 32 வயது நிறைவடையவிருந்தது. அதற்கு முன் இருவரும் மோதிய மூன்று ஆட்டங்களிலும் வென்றவர் கானர்ஸ்.

ஆஷ் வெர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் வளர்ந்தவர். கறுப்பினத்தவருக்கு ஒரு பூங்கா, வெள்ளையருக்கு வேறொரு பூங்கா என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பூங்காவை அவருடைய தந்தை பராமரித்து வந்தார். அங்கிருந்த ஆடுகளத்தில்தான் ஆஷ் முதன்முதலில் மட்டையைப் பிடித்தார். விம்பிள்டனின் ஆண்கள் ஒற்றையர் கிண்ணத்தை அதுவரை எந்தக் கறுப்பின ஆடவரும் வென்றதில்லை. ஆகவே அன்றைய ஆட்டத்தில் ஒரு கிண்ணத்தைவிடப் பெரிய ஒன்று காத்திருந்தது. எனினும், கானர்ஸை அவரால் வீழ்த்த முடியும் என்று நம்பியவர்கள் மிகச் சிலரே.

ஆஷ் 6–1, 6–1, 5–7, 6–4 என்னும் கணக்கில் வென்றார்.

எப்படி வென்றார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அவர் அன்று வழக்கத்தைவிட வேகமாக அடிக்கவில்லை, மெதுவாக அடித்தார். இயல்பில் ஆஷ் பந்தைப் பலமாக விளாசுபவர். ஆனால் கானர்ஸுக்கு வேகமான பந்து என்றால் கொண்டாட்டம். எதிராளி அனுப்பும் வேகத்தைக் கடனாக வாங்கி, அதை வட்டியோடு திருப்பி அனுப்புவது அவருடைய ஆட்ட முறை. பலமாக அடித்தால் அவருக்கு உதவி செய்வதாகவே முடியும். ஆகவே ஆஷ் அந்தக் கடனைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

கானர்ஸ் இடக்கைப் பழக்கம் உள்ளவர். அவர் தம் முன்கைப் பக்கம் தாழ்வாகவும் மெதுவாகவும் வரும் பந்தைத் தாமே தூக்கி, தாமே வேகம் சேர்த்து அடிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பந்துகளை ஆஷ் மீண்டும் மீண்டும் அனுப்பினார். அவற்றில் பல வலையில் விழுந்தன. சில கோட்டைத் தாண்டிச் சென்றன. கானர்ஸ் வலையை நோக்கி முன்னேறி வந்தபோது ஆஷ் அவர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்தார். சர்வீஸிலும் ஒரு கணக்கு இருந்தது. வலக்கை ஆட்டக்காரர் தமது வலப்பக்கத்தில் நின்று பந்தைப் பக்கவாட்டில் வெட்டிச் சர்வீஸ் போட்டால், அது எதிராளியின் வலப்புற வெளிக்கோட்டை நோக்கி வளைந்து ஓடும். இடக்கை ஆட்டக்காரருக்கு அது பின்கைப் பக்கம். கானர்ஸ் பின்கை அடியை இரு கைகளாலும் அடிப்பவர். இரண்டு கைகளும் மட்டையைப் பிடித்திருக்கும்போது எட்டும் தூரம் குறையும் அல்லவா? அந்தக் குறைந்த தூரத்திற்கு அப்பால் பந்து ஓடியது.

முதல் இரண்டு செட்களும் விரைவில் முடிந்தன. மூன்றாவது செட்டைக் கானர்ஸ் வென்றார். நான்காவது செட்டில் அவர் 3–0 என முன்னிலைக்கும் வந்துவிட்டார். ஆஷின் திட்டம் உண்மையில் சோதிக்கப்பட்டது இந்த இடத்தில்தான் என்று நான் கருதுகிறேன். வெல்லும்போது திட்டத்தைக் கடைப்பிடிப்பது எளிது. தோல்வி நெருங்கும்போது கை தானாகப் பழைய பழக்கத்தைத் தேடும். பலமாக அடித்துத் தப்பித்துவிடலாம் என்று மனம் சொல்லும். ஆஷ் அப்படிச் செய்யவில்லை. மெதுவான பந்துகளையே தொடர்ந்து அனுப்பி 6–4 என அந்தச் செட்டைக் கைப்பற்றினார். பக்கம் மாறும் இடைவேளைகளில் நாற்காலியில் கண்களை மூடி அமைதியாக அமர்ந்திருந்த அவரது தோற்றம் பலருடைய நினைவில் நின்றுவிட்டது.

பள்ளித் திடலில் டென்னிஸ் ஆடும் நமக்கு விம்பிள்டன் வெகு தொலைவு. ஆனால் ஆஷ் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வி நமக்கும் பொருந்தும். ‘எனக்குப் பிடித்த அடி எது?’ என்று அவர் கேட்கவில்லை. ‘எதிரில் நிற்பவருக்குப் பிடிக்காத பந்து எது?’ என்று கேட்டார். இவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் வியூகம்.

எதிராளியைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் வாய்ப்பு உண்டு. ஆட்டத்திற்கு முன் உடலைச் சூடேற்றிக்கொள்ள விதிகளின்படி ஐந்து நிமிடம் வரை கிடைக்கும். பலர் அந்த நேரத்தில் தங்கள் அடியை மட்டுமே கவனிக்கிறார்கள். அது போதாது. ஒரு பந்தைத் தாழ்வாக அனுப்புங்கள். ஒன்றை உயரமாக அனுப்புங்கள். ஒன்றை அவருடைய பின்கைப் பக்கம் தள்ளுங்கள். எதற்கு அவர் கால் தயங்குகிறது, எதைச் சுற்றி ஓடிவந்து முன்கையால் அடிக்கிறார் என்று பாருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டுமல்ல, ஆடுகளத்துக்கும் பொருந்தும்.

எதிராளியின் குறை எதுவும் கண்ணில் படவில்லை என்றால் என்ன செய்வது? அப்போது ஆடுகளத்தின் அளவுகளே நமக்குத் துணை. டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்தில் அதன் அகலம் 8.23 மீட்டர். கணிதப் பாடத்தில் படித்த பைத்தாகரஸ் தேற்றத்தை இங்கே பயன்படுத்திப் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள தூரம் ஏறத்தாழ 25.15 மீட்டர் என்று விடை வரும். அதாவது, பக்கக்கோட்டை ஒட்டி நேராக அடிப்பதைவிடக் குறுக்காக அடிக்கும்போது பந்து விழுவதற்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் கூடுதல் இடம் கிடைக்கிறது. சற்று நீளமாகப் போகும் பந்துகூட உள்ளே விழக்கூடும்.

வலையும் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இல்லை. கம்பங்களின் அருகே அதன் உயரம் 1.07 மீட்டர், நடுவில் 0.914 மீட்டர். வேறுபாடு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். உங்கள் பென்சில் பெட்டியில் இருக்கும் சிறிய அடிக்கோலின் நீளம் அது. நேராக அடிக்கும் பந்து உயரமான பகுதியைத் தாண்ட வேண்டும். குறுக்காக அடிக்கும் பந்து தாழ்வான நடுப்பகுதிக்கு அருகே கடக்கும். ஆக, குறுக்கடியில் வலையும் தாழ்வு, களமும் நீளம்.

மூன்றாவது நன்மை ஒன்றும் உண்டு. அதைப் புதியவர்கள் எளிதில் உணர்வதில்லை. நீங்கள் உங்கள் வலது மூலையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து குறுக்காக அடித்தால், எதிராளி அந்தப் பந்தை உங்கள் வலப்பக்கமோ இடப்பக்கமோ திருப்பி அனுப்பலாம். அந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவான இடம் ஆடுகளத்தின் மையக் குறிக்குச் சற்று வலப்புறமாகவே அமைகிறது. ஆகவே நீங்கள் மையம் வரை ஓட வேண்டியதில்லை. சில எட்டுகள் போதும். அதே இடத்திலிருந்து நேராக அடித்தாலோ, மையத்தைத் தாண்டி மறுபக்கம் வரை ஓட வேண்டியிருக்கும். நம் நாட்டு வெயிலில் ஒரு மணி நேரம் ஆடிய பிறகு, அந்தக் கூடுதல் எட்டுகள் ஒவ்வொன்றும் கால்களுக்குத் தெரியும்.

அப்படியானால் நேராக அடிக்கவே கூடாதா? அடிக்கலாம். எதிராளியின் பந்து குறுகி, நீங்கள் கோட்டுக்கு உள்ளே வந்து நிற்கும்போது அடிக்கலாம். அவர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டு, மறுபக்கம் வெறுமையாக இருக்கும்போதும் அடிக்கலாம். கோட்டுக்கு வெகு பின்னால் தள்ளப்பட்டு, ஓடிக்கொண்டே அடிக்கும் நிலையில் நேரடி முயற்சி பெரும்பாலும் புள்ளியைத் தாரை வார்ப்பதாகவே முடியும். தொலைக்காட்சியில் நாம் கைதட்டிப் பார்ப்பது அப்படிப்பட்ட அடிகளைத்தான். பள்ளி ஆட்டங்களில் தோல்விக்குக் காரணமாவதும் பெரும்பாலும் அவைதாம்.

ஆழமாக அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலைக்கும் சர்வீஸ் கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் 6.40 மீட்டர். அந்தக் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே விழும் பந்து எதிராளியைப் பின்னாலேயே நிறுத்தி வைக்கும். சர்வீஸ் கோட்டுக்கு உள்ளே விழும் பந்து அவரை முன்னால் வரவேற்று உட்காரவைக்கும். பந்து குறுகிப் போவதற்கு, வலையை உரசிக்கொண்டு போகும்படி அடிப்பது ஒரு முக்கியக் காரணம். வலைக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் பந்து கடக்கும்படி அடித்துப் பாருங்கள். கூடுதல் பலம் இல்லாமலே பந்து ஆழமாகச் சென்று விழும்.

பலம் இல்லாமல் வெல்ல முடியுமா என்று இன்னும் ஐயம் இருந்தால், சென்னையைச் சேர்ந்த ரமேஷ் கிருஷ்ணனை எண்ணிப் பாருங்கள். அவருடைய தந்தை இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றவர். ரமேஷ் 1979இல் விம்பிள்டன் இளையோர் கிண்ணத்தை வென்றார். பெரியவர்களின் ஆட்டங்களுக்கு வந்தபோது, அவருடைய சர்வீஸ் மற்றவர்களுடையதைப்போல் பலமாக இல்லை. அவருடைய சொத்து, பந்தை வைக்க நினைத்த இடத்தில் வைக்கும் நுட்பம். 1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பொது விருதின் இரண்டாம் சுற்றில் அப்போதைய உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் மாட்ஸ் விலாண்டரை அவர் ஒரு செட்டைக்கூட இழக்காமல் வீழ்த்தினார். விலாண்டர் அதற்கு முந்தைய ஆண்டு அதே கிண்ணத்தை வென்றவர்.

வியூகம் தெரிந்தால் மட்டும் போதாது. அது ஆட்டம் முழுவதும் மனத்தில் நிலைத்திருக்க வேண்டும். இங்கே தடையாக வருவது நாம் இழக்கும் புள்ளிகள். ஒரு புள்ளி போனதும் மட்டையைத் தரையில் தட்டுவது, தலையைக் குனிந்துகொள்வது, ‘இன்று எனக்கு ஒன்றும் சரியாக அமையவில்லை’ என்று புலம்புவது ஆகியவற்றை எந்தத் திடலிலும் காணலாம். சுவிட்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரர் 2024ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசியபோது ஒரு கணக்கைச் சொன்னார். தம் வாழ்நாளில் அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. அவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வென்றார். ஆனால் அந்த ஆட்டங்களில் அவர் வென்ற புள்ளிகள் 54 விழுக்காடு மட்டுமே.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். வரலாற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர் 100 புள்ளிகளில் 46ஐ இழந்திருக்கிறார். இழந்த ஒவ்வொன்றுக்கும் அவர் வருந்திக்கொண்டு நின்றிருந்தால் அடுத்த புள்ளியை எப்படி ஆடியிருப்பார்? ஒரு புள்ளியை இழப்பது ஆட்டத்தின் இயல்பு. கவலைப்பட வேண்டியது, ஒரே மாதிரியான புள்ளியைத் திரும்பத் திரும்ப இழக்கும்போதுதான். அப்போது திட்டத்தில் எதையோ மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு நேரம் இருக்கிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 25 விநாடி வரை எடுத்துக்கொள்ள விதிகள் அனுமதிக்கின்றன. பக்கம் மாறும்போது 90 விநாடி. மாணவர்கள் பலர் பந்தை எடுத்த கையோடு அடுத்த சர்வீஸைப் போட்டுவிடுகிறார்கள். தவறு செய்த பிறகு இன்னும் அவசரப்படுகிறார்கள். வலைக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். மட்டையின் நரம்புகளைச் சரிசெய்தபடி இரண்டு மூச்சு ஆழமாக விடுங்கள். பிறகு ஒரே ஒரு முடிவை மட்டும் எடுங்கள்: அடுத்த சர்வீஸ் எந்த மூலைக்கு? எதிராளியின் சர்வீஸ் என்றால், அதை எந்தப் பக்கம் திருப்புவது? முடிவெடுத்த பிறகு கோட்டுக்கு வாருங்கள். கோட்டில் நின்றுகொண்டு யோசிப்பவரின் கை இறுகிப்போகும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். புறப்பாட நடவடிக்கை நாளில் இரண்டு நண்பர்கள் எதிரெதிரே நின்று பந்தை அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் நடுவில் நிற்பார்கள். இவர் அவரிடம் அடிப்பார். அவர் இவரிடம் அடிப்பார். பந்து ஊஞ்சல்போல் போய்வரும். கேட்கவும் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மையான ஆட்டத்தில் உங்கள் கைக்கு வசதியாக யாரும் பந்தை அனுப்பப் போவதில்லை. ஒரு மணி நேரம் அப்படி அடித்தவர்கள் களைப்போடு வீடு திரும்புவார்கள். நன்றாகப் பயிற்சி செய்துவிட்டோம் என்னும் நிறைவும் இருக்கும். போட்டி நாளில்தான் அந்தப் பயிற்சி கைகொடுக்கவில்லை என்பது தெரியும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நம் ஊரில் எல்லாரும் அறிந்த பூப்பந்து விளையாட்டிலிருந்தே ஒரு விளக்கம் கிடைக்கிறது. 1986ஆம் ஆண்டில் கூட், மகில் என்னும் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பூப்பந்தில் புதியவர்களுக்கு மூன்று வகையான சர்வீஸ்களைக் கற்பித்தார்கள். ஒரு குழுவினர் ஒரு நாளில் ஒரே வகையைத் திரும்பத் திரும்பப் பயின்றனர். மற்றொரு குழுவினர் மூன்று வகைகளையும் ஒழுங்கின்றிக் கலந்து பயின்றனர். பயிற்சி முடிந்த பிறகு இரு குழுவினரையும் சோதித்தார்கள். அதுவரை பயிலாத மறுபக்கத்திலிருந்தும் சர்வீஸ் போடச் சொன்னார்கள். கலந்து பயின்றவர்களே சிறப்பாகச் செய்தனர்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே அடியை இருபது முறை தொடர்ந்து அடிக்கும்போது, முதல் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு மூளைக்கு வேலை இல்லை. கை முந்தைய அசைவை அப்படியே நகல் எடுக்கிறது. அடிகள் மாறி மாறி வரும்போது, ஒவ்வொரு முறையும் எந்த அடி, எவ்வளவு பலம், எந்த உயரம் என்று மூளை புதிதாகத் திட்டமிட வேண்டியிருக்கிறது. அந்தத் திட்டமிடல்தான் மனத்தில் பதிகிறது. போட்டியில் தேவைப்படுவதும் அதுவே.

கலந்து செய்யும் பயிற்சி தொடக்கத்தில் மோசமாகத் தோன்றும் என்பதை மறக்கக்கூடாது. பந்துகள் வலையில் விழும். கோட்டுக்கு வெளியே போகும். பக்கத்து ஆடுகளத்தில் ஒரே அடியைப் பயில்பவர் அழகாக ஆடிக்கொண்டிருப்பார். இரண்டு நாள் முயன்றுவிட்டுப் பலர் பழைய வழிக்கே திரும்பிவிடுவது இதனால்தான். அன்றைய பயிற்சியில் எத்தனை பந்து உள்ளே விழுந்தது என்பதைவிட, அடுத்த வாரம் எத்தனை விழுகிறது என்பதே உண்மையான கணக்கு. மட்டையையே சரியாகப் பிடிக்கத் தெரியாத முதல் சில நாள்களுக்கு மட்டும் ஒரே அடியைத் திரும்பச் செய்வது தேவை. அந்தக் கட்டத்தை எல்லாரும் கடந்தாக வேண்டும்.

சர்வீஸ் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். டென்னிஸில் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கும் அடி இது ஒன்றுதான். எதிராளி அனுப்பிய பந்து அல்ல. நாமே தூக்கிப் போடும் பந்து. இருந்தும், பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில், கை சோர்ந்த பிறகு, ஒரு கூடைப் பந்தை அவசர அவசரமாக அடித்து முடிப்பதே பலருடைய வழக்கம். கூடையில் 30 பந்து இருந்தால் முப்பதையும் ஒரே மூலைக்கு அடிக்காதீர்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன் இலக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள்: வெளிக்கோடு, நடுக்கோடு, எதிராளியின் உடல். அடித்த பிறகு சற்று நேரம் காத்திருங்கள். சில எட்டுகள் நடங்கள். பிறகு மறுபக்கம் மாறி அடுத்ததை அடியுங்கள். முதல் சர்வீஸ் தவறினால் இரண்டாவது சர்வீஸையும் போடுங்கள். போட்டியில் முப்பது சர்வீஸை மூச்சுவிடாமல் போடும் நிலை எவருக்கும் வருவதில்லை.

சர்வீஸைத் திருப்பி அடிக்கும் பயிற்சி இன்னும் குறைவு. ஏறக்குறைய பாதிப் புள்ளிகள் அந்த அடியோடுதான் தொடங்குகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இது வியப்பாகவே இருக்கிறது. நண்பர் சர்வீஸ் பயிலும்போது நீங்கள் எதிரே நின்று திருப்பி அடிக்கலாம். ஒருவர் பயிற்சியில் இருவரும் பயன் பெறலாம். திருப்பி அடிக்கும் பந்தைக் கோட்டருகே அனுப்ப முயல வேண்டாம். நடுவில், ஆழமாக அனுப்பினால் போதும். பள்ளி அளவிலான ஆட்டங்களில் அது ஒன்றே பல புள்ளிகளைப் பெற்றுத் தரும்.

வியூகத்தையும் பயிற்சியாக மாற்ற முடியும். ஆடுகளத்தின் குறுக்குப் பாதியை மட்டும் பயன்படுத்தி 11 புள்ளி வரை ஆடிப் பாருங்கள். நேராக அடித்தால் புள்ளி எதிராளிக்கு. பொறுமையாகக் குறுக்கடியை ஆட இது கற்றுத்தரும். மற்றொரு நாள், இருவருக்கும் ஒரே சர்வீஸ்தான் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் உங்கள் இரண்டாவது சர்வீஸின் உண்மையான தரம் வெளிப்படும். ஒவ்வொரு ஆட்டத்தையும் 0–30 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து தொடங்குவது இன்னொரு முறை. நெருக்கடியில் கை நடுங்குவது இயல்பே. அந்த நெருக்கடியை வாரந்தோறும் சந்தித்தவருக்குப் போட்டி நாளில் அது புதிய விருந்தாளியாக இராது.

எல்லாருக்கும் ஆடுகளமும் நண்பரும் எப்போதும் கிடைப்பதில்லை. பிற்பகல் மழை வந்தால் ஆடுகளம் நனைந்துவிடும்; நனைந்த பந்து கனத்து, எழும்பாமல் போகும். சுவர் ஒன்று இருந்தால் கவலை இல்லை. கூரையுள்ள இடத்தில் ஒரு சுவரைத் தேடி, அனுமதி பெற்று, தரையிலிருந்து 0.914 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு வரையுங்கள். சுவரைவிடச் சலிக்காத பயிற்சித் துணை கிடையாது. ஆனால் அது நேர்மையான துணையும்கூட. பலமாக அடித்தால் பலமாகவே திருப்பித் தரும். உங்களுக்கு நிற்க நேரம் கிடைக்காது. ஆகவே பாதி வலிமையில் அடித்து, முன்கை ஒன்று, பின்கை ஒன்று என மாற்றி மாற்றி ஐம்பது வரை எண்ண முயலுங்கள். கோட்டுக்குக் கீழே பட்டால் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நாற்பத்தெட்டில் ஒரு பந்து கீழே போகும்போது வரும் எரிச்சலை அடக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

யாருடன் ஆடுவது என்பதிலும் பலருக்குத் தயக்கம் உண்டு. தம்மைவிட வல்லவர்களுடன் ஆடினால்தான் முன்னேற முடியும் என்பார்கள். அது பாதி உண்மை. வல்லவருடன் ஆடும்போது பெரும்பாலும் தற்காப்பில்தான் இருப்போம். புதிதாக ஒன்றை முயல இடம் இராது. உங்களைவிடச் சற்றுக் குறைந்த ஆற்றல் உள்ளவருடன் ஆடும் நாளில், உங்களுக்குப் பிடித்த முன்கை அடியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பின்கையால் மட்டும் புள்ளிகளை முடிக்க முயலலாம். வலைக்கு முன்னேறிச் சென்று ஆடிப் பார்க்கலாம். அவருக்கும் நல்ல ஆட்டம் கிடைக்கும். உங்களுக்குச் சம அளவில் ஆடுபவருடன் உண்மையான போட்டியாக ஆடுங்கள். வாரத்தில் மூன்று வகையினரும் கிடைத்தால் நீங்கள் பேறு பெற்றவர்.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்காரும்போது, பையில் ஒரு சிறிய குறிப்பேடு இருக்கட்டும். ‘நன்றாக ஆடினேன்’, ‘மோசமாக ஆடினேன்’ என்று எழுதுவதால் பயன் இல்லை. எந்த வகையான பந்தில் அதிகப் புள்ளிகள் போயின, எதிராளி எதை விரும்பவில்லை, நெருக்கடியான நேரத்தில் எந்த அடியைத் தேடிச் சென்றீர்கள் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். ‘உயரமாக எழும்பி வந்த பந்தில் பின்கை ஏழு முறை தவறியது’ என்று ஒரு வரி இருந்தால், அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்றுநரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நண்பரிடம் இருபது பந்தை அந்த உயரத்தில் தூக்கிப் போடச் சொல்லலாம். இடையிடையே தாழ்வான பந்து சிலவற்றையும், சொல்லாமல் கொள்ளாமல், கலந்து போடச் சொல்லுங்கள்.